அசெம்பிளி, ஷெல்கோடு: பிள்ளை படிக்கக் கேட்டால் என்ன செய்வது?



கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் நமக்குப் பழகியவை. கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம், நர்சிங், ஐ.டி.ஐ., டேலி இப்படித்தான் இருக்கும். இந்த முறை பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரின் விண்ணப்பத்தில், படிப்பின் பெயர் என்ற இடத்தில் "அசெம்பிளி மொழியும் ஷெல்கோடு எழுதுதலும், ஆன்லைன்" என்று இருந்தது. குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர், "ஷெல்லுன்னா பீரங்கியில போடுறதாச்சே, அதெல்லாம் நம்ம புள்ளைக்கு எதுக்கு?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. இன்னொருவர், "ஹேக்கிங் படிக்க ஜமாஅத்து பணம் கொடுத்ததுன்னு நாளைக்கு ஒருத்தர் எழுதினா யார் பதில் சொல்றது?" என்றார். மாணவரின் தந்தையே தனியாக வந்து, "நான் சொன்னா கேக்க மாட்டான், நீங்களே வேணாம்னு எழுதிக் கொடுத்துடுங்க ஹஜ்ரத்" என்று கேட்டுக்கொண்டார்.

இந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. நம் பிள்ளைகள் விஷயத்தில் சின்னச் சந்தேகமும் பெரிதாகப் பேசப்படும் காலம் இது. ஆனால் ஒரு சொல்லைக் கேட்டுப் பயப்படுவது வேறு, அந்தச் சொல்லின் பின்னால் உள்ள காரியத்தைப் பார்த்துப் பயப்படுவது வேறு. முதலாவது, விளக்கினால் போய்விடும். இரண்டாவதில் நியாயமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டவே இக்கட்டுரை.

கம்ப்யூட்டருக்கு எண்ணைத் தவிர எதுவும் தெரியாது. 1980, 90களில் பாலிடெக்னிக்கிலும் இன்ஜினீயரிங்கிலும் படித்தவர்களுக்கு 8085 கிட் நினைவிருக்கும். சிறிய பலகை, அதில் கால்குலேட்டர் போல் பொத்தான்கள். 80 என்று அழுத்தினால் "பி என்ற ரிஜிஸ்டரில் இருப்பதை ஏ என்ற ரிஜிஸ்டரோடு கூட்டு" என்று பொருள். 76 என்று அழுத்தினால் "நில்" என்று பொருள். ரிஜிஸ்டர் என்பது அந்தச் சில்லுக்குள் எண்ணை வைத்துக்கொள்ளும் சிறு பெட்டி. இந்த எண்களை மனப்பாடம் செய்வது கஷ்டம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிப் பெயர் வைத்தார்கள். கூட்டு என்பதற்கு ஆட், நகர்த்து என்பதற்கு மூவ், தாவு என்பதற்கு ஜம்ப். இந்தக் குட்டிப் பெயர்களால் எழுதுவதுதான் அசெம்பிளி மொழி. நம் வீட்டுப் பிள்ளைகள் எழுதும் பைத்தானும் ஜாவாவும் கடைசியில் இந்த எண்களாக மாறித்தான் ஓடுகின்றன. ஆக, பொறியியல் கல்லூரிகளில் பல்லாண்டுகளாகச் சொல்லிக் கொடுத்து வந்த பாடம்தான் இது. இதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை.

ஷெல்கோடு என்பதைச் சொல்ல நம் அலுவலகத்து விண்ணப்பப் படிவத்தையே எடுத்துக்கொள்வோம். பெயர் எழுத 20 கட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒட்டியே "அலுவலக உபயோகத்திற்கு" என்று ஓரிடம். இந்தப் படிவம் அடுத்து எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்பதை எழுத்தர் அங்கே குறித்து வைத்திருப்பார். விண்ணப்பதாரர் 20 கட்டத்தோடு நிற்காமல் எழுதிக்கொண்டே போனால் அந்தக் குறிப்பின் மேல் அவருடைய எழுத்து விழும். மனிதராக இருந்தால் "என்ன பாய் இது" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கம்ப்யூட்டர் அப்படிப்பட்ட எழுத்தர் அல்ல. அளவைச் சரிபார்க்கும்படி நிரல் எழுதியவர் சொல்லி வைக்காவிட்டால் அது பார்க்காது. குறிப்பில் எந்த மேஜை இருக்கிறதோ அங்கே போகும். இதைத் தெரிந்த தந்திரக்காரர், பெயர்க் கட்டங்களில் பெயருக்குப் பதிலாகச் சில கட்டளைகளை எழுதுகிறார். மேஜைக் குறிப்பின் மேல் "மீண்டும் பெயர்க் கட்டத்துக்குப் போ" என்று விழும்படி செய்கிறார். கம்ப்யூட்டர் அங்கே போய், விண்ணப்பதாரர் எழுதிய கட்டளையை முதலாளியின் கட்டளை போல நிறைவேற்றுகிறது.

அப்படி எழுதப்படும் கட்டளைத் தொகுப்புதான் ஷெல்கோடு. கம்ப்யூட்டரிடம் நேரடியாக ஆணை கொடுக்கும் கருப்புத் திரைக்கு ஷெல் என்று பெயர். அந்தத் திரையைத் திறந்து கொடுப்பதே இத்தொகுப்புகளின் முதல் வேலையாக இருந்ததால் ஷெல்கோடு என்ற பெயர் வந்தது. பீரங்கிக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.

இதை எழுதுவதில் ஒரு நுட்பம் உண்டு. படிப்பவர்களை இழுப்பதும் அதுதான். பல நிரல்கள் 00 என்ற எண்ணைக் கண்டதும் எழுத்து முடிந்துவிட்டது என்று நினைத்துப் படிப்பதை நிறுத்திவிடும். ஆகவே கட்டளைகளுக்குள் 00 வரக்கூடாது. 32 பிட் இன்டெல் சில்லில், இ.ஏ.எக்ஸ். என்ற ரிஜிஸ்டரில் 1 வை என்று நேராக எழுதினால் பி8 01 00 00 00 என்று ஐந்து பைட் வரும். அதில் மூன்று சைபர்கள். அதையே, முதலில் ரிஜிஸ்டரைத் தன்னோடு தானே கழித்துக்கொள்வது போன்ற எக்ஸார் என்ற கட்டளையால் காலி செய்துவிட்டு, பிறகு அதன் கடைசிப் பகுதியில் மட்டும் 1 வைத்தால் 31 சி0 பி0 01 ஆகிறது. நான்கே பைட், சைபர் ஒன்றுகூட இல்லை. அந்த மாணவர் இதை ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது, பீரங்கி என்று கேட்ட அதே பெரியவர், "நஹ்வு ஸர்ஃபுல ஒரு எழுத்தை மாத்துனா அர்த்தமே மாறுற மாதிரி இருக்கு" என்றார். மதரஸாவில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தச் சுவை புரியும்.

இதன் ஆபத்து எப்படிப்பட்டது என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 1988 நவம்பர் 2-ஆம் தேதி கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டப்பன் மோரிஸ், தானே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ஒரு நிரலை அன்றைய இன்டர்நெட்டில் விட்டார். அது நுழைந்த வழிகளில் ஒன்று மேலே சொன்ன படிவத் தந்திரமே. ஃபிங்கர் என்ற சேவையில் 512 பைட் மட்டுமே கொள்ளும் இடத்துக்கு அவருடைய நிரல் 536 பைட் அனுப்பியது. அதற்குள் வாக்ஸ் வகைக் கம்ப்யூட்டருக்கான சில கட்டளைகள், அதாவது ஷெல்கோடு, இருந்தன. அதே சேவை ஓடிய சன் வகைக் கம்ப்யூட்டர்களில் அந்த வழி பலிக்கவில்லை. ஒவ்வொரு சில்லுக்கும் அசெம்பிளி மொழி வேறு என்பதே காரணம். அழிவு செய்வது அவர் நோக்கமல்ல என்றே பலரும் கருதினார்கள். இருந்தாலும் நிரல் அவர் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பெருகியது. சுமார் 6,000 கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள். 1990-இல் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம் விதித்தது. இத்தனைக்கும் அவருடைய தந்தை அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி. மகன் பின்னாளில் எம்.ஐ.டி.யில் பேராசிரியரானார்.

நம் தெருப் பிள்ளைக்கு அப்படி ஒரு தந்தையும் இல்லை, அப்படி ஓர் இரண்டாம் வாய்ப்பும் எளிதில் கிடைக்காது. பெற்றோர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது என்று நான் சொன்னது இதைத்தான்.

அந்த நிகழ்ச்சிக்கு மறுபக்கமும் உண்டு. அந்த நிரலைப் பிடித்து, அதன் எண்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்து, அது எப்படி நுழைகிறது என்று கண்டுபிடித்து மருந்து சொன்னவர்களும் இதே அசெம்பிளி தெரிந்தவர்கள்தான். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அவசர உதவி மையம் தொடங்கப்பட்டதும் அதன் தொடர்ச்சியாகவே. நம் நாட்டில் 2004 முதல் செயல்படும் செர்ட்-இன் அமைப்பு அந்த வழியில் வந்தது. இன்று வங்கிக்கோ மருத்துவமனைக்கோ ஒரு தீய நிரல் வந்து விழுந்தால், அதை எழுதியவன் விளக்கக் குறிப்பு எதுவும் வைத்துவிட்டுப் போவதில்லை. கையில் கிடைப்பது எண்கள் மட்டும். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். 2003 ஜனவரியில் உலகெங்கும் பரவிய ஸ்லாம்மர் முழுவதும் 376 பைட் தான். இக்கட்டுரையின் ஒரு பத்தி அளவுகூட இல்லை. அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தம் ஆறு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது, பலர் போட்டுக்கொள்ளவில்லை. (போனில் அப்டேட் கேட்டால் "அப்புறம்" என்று தள்ளிக்கொண்டே போகும் வழக்கம் நம் வீடுகளிலும் இருக்கிறது.)

இங்கே ஈமானோடு தொடர்புள்ள ஒரு விஷயம் வருகிறது. இது ஃபத்வா அல்ல. ஃபத்வா வேண்டுவோர் நம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். மதரஸாவில் ஓதியவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்காமல், ஸலாம் சொல்லாமல் நுழையக் கூடாது என்று சூரத்துன் நூரின் 27-ஆம் வசனத்திலிருந்து நாம் படிக்கிறோம். கதவின் துவாரம் வழியாக எட்டிப் பார்த்த மனிதரை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்த செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. அவர் எதையும் எடுக்கவில்லை, பார்க்க மட்டுமே செய்தார். "நான் எதையும் அழிக்கல அத்தா, சும்மா உள்ள போய்ப் பாத்தேன்" என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால், அதற்கான பதில் அங்கே இருக்கிறது. பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது கல்வி. அடுத்தவர் பூட்டில் அதைச் சோதிப்பதற்கு அவருடைய இஜாஸத் வேண்டும்.

நாட்டுச் சட்டமும் இதே கோட்டைத்தான் போட்டிருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு, உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றி ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைவது, வைரஸ் புகுத்துவது, சேதம் செய்வது ஆகியவற்றுக்கு இழப்பீடு விதிக்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கிலோ மோசடியாகவோ செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அரசு பாதுகாக்கப்பட்டது என்று அறிவித்த கணினி அமைப்புகளில் நுழைய முயன்றாலே 70-ஆம் பிரிவின்படி பத்தாண்டு வரை போகலாம். நாட்டின் பாதுகாப்புக்கு எதிரான செயலாகக் கருதப்பட்டால் 66எஃப் பிரிவு, அதில் ஆயுள் தண்டனை வரை உண்டு. இந்தப் பிரிவுகள் எதுவும் அசெம்பிளி படிப்பதைக் குற்றம் என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றும் அனுமதியைத்தான் கேட்கிறது. வாய்மொழி அனுமதி போதாது, எழுத்தில் வேண்டும் என்பேன். கல்லூரி ஆசிரியர் "செஞ்சு பாருப்பா" என்று சொன்னதை வைத்துக் கல்லூரி சர்வரில் கை வைத்துவிட்டு, பிறகு விசாரணை வந்தால் அந்த ஆசிரியருக்கு ஞாபகம் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

இனி படிப்புக்கு வருவோம். இந்தத் துறையில் இந்தியரான விவேக் ராமச்சந்திரன் உருவாக்கிய "செக்யூரிட்டிட்யூப் லினக்ஸ் அசெம்பிளி எக்ஸ்பர்ட்" என்ற படிப்பு உலக அளவில் பெயர் பெற்றது. அவர் குவாஹாட்டி ஐ.ஐ.டி.யில் படித்தவர். அதில் தேர்வு மண்டபம் இருக்கவில்லை. ஏழு வேலைகளைத் தானே செய்து, எப்படிச் செய்தேன் என்று விளக்கி எழுத வேண்டியிருந்தது. மனப்பாடம் செய்து தேற முடியாது என்பதால் எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. அதை நடத்திய பென்டெஸ்டர் அகாடமி 2021-இல் ஐ.என்.ஈ. என்ற நிறுவனத்தோடு சேர்ந்துவிட்டது. எனவே பணம் கட்டுவதற்கு முன் இப்போது அது கிடைக்கிறதா, கிடைத்தால் எந்த வடிவில், என்ன விலையில் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஏழு வேலைகளின் பெயர்களைக் கேட்டால் பெற்றோருக்குத் தூக்கம் போகும் என்பதால் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பைண்ட் ஷெல் என்பது கம்ப்யூட்டர் ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வருபவருக்காகக் காத்திருப்பது. ரிவர்ஸ் ஷெல்லில் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரே வெளியில் இருப்பவரைக் கூப்பிடுகிறது. வெளியிலிருந்து வருபவரை மட்டும் தடுத்து, உள்ளிருந்து போவதைக் கவனிக்காத காவல் ஏன் போதாது என்பது இதைச் செய்து பார்த்தால்தான் விளங்கும். எக் ஹண்டர் என்பது நினைவகத்தில் எங்கோ கிடக்கும் பெரிய தொகுப்பைத் தேடிப் பிடிக்கும் மிகச் சிறிய தொகுப்பு. இன்னொரு வேலை, பிறர் எழுதிய ஷெல்கோடை வரி வரியாகப் படித்து அது என்ன செய்கிறது என்று விளக்குவது. ஏழில் மிகப் பயனுள்ளது இதுவே என்பது என் கருத்து. என்கோடர், கிரிப்டர் வேலைகளில் மட்டும் பெற்றோர் கண் வைக்க வேண்டும். கட்டளைகளின் உருவத்தை மாற்றி அடையாளம் தெரியாமல் செய்யும் பயிற்சி அது. தன் லேப்டாப்புக்குள் செய்து பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட வேண்டும். பென் டிரைவில் போட்டு நண்பன் வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது.

ஆனால் கட்டணப் படிப்பில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. ஓப்பன் செக்யூரிட்டி டிரெயினிங் 2 என்ற அமைப்பு இன்டெல் 64 பிட் அசெம்பிளியை முழுமையாக இலவசமாகச் சொல்லித் தருகிறது. அமெரிக்காவின் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தார் நடத்தும் இலவசப் பயிற்சித் தளம் ஒன்று உண்டு. பி, டபிள்யூ, என் என்று எழுத்துக்கூட்டி அதோடு காலேஜ் என்று சேர்த்துத் தேடினால் கிடைக்கும். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் செஸ்டர் ரெபைரோவின் பாதுகாப்பான கணினி அமைப்புகள் பற்றிய விரிவுரைகள் என்.பி.டி.இ.எல்.-இல் உள்ளன. அவற்றைக் கேட்பதற்குக் கட்டணம் இல்லை. புது லேப்டாப்பும் தேவையில்லை. வீட்டில் பழையது ஒன்று இருந்தால், அதில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதற்குள் லினக்ஸ் ஏற்றிக்கொள்ளலாம். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு பொய்க் கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எதை உடைத்தாலும் பொதுவாக வெளியே ஒன்றும் ஆகாது. பயிற்சி முழுவதும் அந்தச் சுவருக்குள்தான் நடக்க வேண்டும்.

சி மொழியில் நன்றாக எழுத வராதவர் இதில் நேராக இறங்கினால் இரண்டு வாரத்தில் விட்டுவிடுவார். முதலில் சி, லினக்ஸ் கட்டளைகள், ஹெக்ஸ் எண் கணக்கு. அதன் பிறகு அசெம்பிளி.

வேலை பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சான்றிதழைக் காட்டியதும் வேலை கொடுப்பார்கள் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். இப்பயிற்சிகளில் வரும் பழைய 32 பிட் தந்திரங்கள் இன்றைய கம்ப்யூட்டர்களில் அப்படியே பலிக்காது. தகவல் இருக்கும் இடத்தில் கட்டளையை ஓட விடாத தடுப்பு 2004-இல் விண்டோஸ் எக்ஸ்.பி.யின் இரண்டாம் சர்வீஸ் பேக்கிலேயே வந்துவிட்டது. மேஜைகளை ஒவ்வொரு முறையும் இடம் மாற்றிப் போடும் தடுப்பும் இப்போது பொதுவாகிவிட்டது. போன்களில் இருப்பது ஆர்ம் வகைச் சில்லு, அதன் அசெம்பிளியே வேறு. பாதுகாப்புக் கண்காணிப்பு மையங்களில் தொடக்க நிலை வேலைக்கு அசெம்பிளியை அதிகம் கேட்பதும் இல்லை. தீய நிரல்களைப் பிரித்துப் படிக்கும் ஆய்வாளர், ஆன்டிவைரஸ் நிறுவனப் பணி, நிறுவனங்களின் அனுமதியோடு ஓட்டை தேடும் பணி ஆகியவற்றுக்கு இது அஸ்திவாரம். ஓட்டையைக் கண்டு முறையாகத் தெரிவிப்பவர்களுக்கு கூகுள் போன்ற நிறுவனங்கள் 2010 முதல் பரிசுத் தொகை தருகின்றன. அதிலும் எதைச் சோதிக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று அவர்களே எழுதி வைத்திருப்பார்கள். அந்த எல்லையைத் தாண்டினால் பரிசும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

நம் கல்விக் குழு இரண்டு அமர்வுகள் பேசி எடுத்த முடிவு இது. இத்தகைய படிப்புக்கு உதவி மறுக்கப்படாது. பணம் ஜகாத் கணக்கிலிருந்து போகாது, பொது நன்கொடைக் கணக்கிலிருந்தே போகும். விண்ணப்பிப்பவர் முதலில் மேலே சொன்ன இலவசப் பாடங்களில் ஒன்றை முடித்து, தான் செய்த பயிற்சிகளைக் குழுவின் முன் விளக்க வேண்டும். நம் ஜமாஅத்தில் மென்பொருள் துறையில் இருக்கும் இரண்டு சகோதரர்கள் அதைப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தன் சொந்தக் கம்ப்யூட்டர் அல்லது எழுத்தில் அனுமதி பெற்ற கம்ப்யூட்டர் தவிர வேறெதிலும் சோதிப்பதில்லை என்ற உறுதிமொழியில் மாணவரும் பெற்றோரில் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். அதில் ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. யாரேனும் கேள்வி கேட்டால் காட்ட ஒரு காகிதம் இருக்கும். முதலில் சொன்ன மாணவர் இப்போது இலவசப் பாடத்தைப் படித்து வருகிறார். பி.எஸ்சி. படிக்கும் பெண் பிள்ளைகள் இருவரும் அவரைப் பார்த்து விவரம் கேட்டிருக்கிறார்கள். வீட்டிலிருந்தே படிக்கக்கூடியது என்பதால் அவர்களுக்கும் இது பொருந்தும், அவர்களுடைய பெற்றோரும் கவனிக்க.

விண்ணப்பிக்க விரும்புவோர் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அலுவலகத்துக்கு வரலாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் தந்தை அல்லது தாயுடன் வர வேண்டும். படிவத்தில் பெயர் எழுதும்போது கட்டங்களுக்குள் எழுதவும்.